ஹைப்ரிட் காரில் லிட்டருக்கு இன்னும் 3 கிலோமீட்டர்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

வழிப்போக்கன் (கேள்வி)

கார் மூன்றாம் தலைமுறை பிரியஸ், 1.8 லிட்டர், 1,40,000 கி.மீ. ஓடியது. பழைய 195/65 ஆர்15 சக்கரங்களுக்குப் பதில் 215/45 ஆர்17 போட்டிருக்கிறது. ஓட்டம் பாதி ஊருக்குள், பாதி நெடுஞ்சாலையில் 100 முதல் 110 வேகத்தில். திரை 20.4 காட்டுகிறது, பெட்ரோல் போட்டுக் கணக்குப் பார்த்தால் 19.1. குறைந்தது 22 வரவேண்டும்.

கேள்விகள்: இவி பொத்தானை (மின்சாரத்தில் மட்டும் ஓடவைப்பது) எப்போதும் அழுத்தியே வைத்தால் லாபமா? வேகமெடுத்துப் பின் உருளவிடும் முறையைச் சரியாக எப்படிச் செய்வது? முன் கிரில்லை அடைப்பது பாதுகாப்பானதா? டயரில் 42 பிஎஸ்ஐ காற்று வைக்கலாமா? ஹைட்ரஜன் கிட், பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், ஓபிடி சாக்கெட்டில் (காரின் கணினியைப் படிக்கும் துளை) செருகும் "மைலேஜ் சிப்", இதில் ஏதாவது வேலை செய்யுமா?

ஓடோமீட்டர்

அந்த 19.1 எத்தனை டேங்க்கின் சராசரி? ஒரே டேங்க் என்றால் அதை நம்பி எதையும் மாற்றாதீர்கள். பம்ப் ஒரு தடவை சீக்கிரமே டக்கென்று நின்றுவிடும், அடுத்த தடவை ஒரு லிட்டர் கூடுதலாக இறங்கும். 35 லிட்டரில் 1 லிட்டர் பிசகினாலே ஏறத்தாழ 3%. நீங்கள் தேடுவதே மொத்தம் 15%தான். மூன்று டேங்க்கின் கிலோமீட்டரைக் கூட்டி, மூன்று டேங்க்கின் லிட்டரால் வகுத்தால் அதே பிசகு 1%க்குள் அடங்கிவிடும். ஒரு மாற்றம், பிறகு மூன்று டேங்க், அதற்குப் பிறகே அடுத்த மாற்றம். இரண்டை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

இன்னொரு பிசகு உங்கள் சக்கரத்திலேயே இருக்கிறது. 195/65 ஆர்15 டயரின் விட்டம் 634.5 மி.மீ. 215/45 ஆர்17இன் விட்டம் 625.3 மி.மீ. சின்ன டயர் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றும், ஓடோமீட்டர் ஓடாத தூரத்தையும் சேர்த்து எழுதிவிடும். வித்தியாசம் 1.45%. ஆக உங்கள் 19.1 உண்மையில் 18.8. டயர் தேய்ந்திருந்தால் இன்னும் கீழே: 8 மி.மீ. பூவேலை (டயர் பள்ளத்தின் ஆழம்) 2 மி.மீ. ஆகும்போது விட்டம் 12 மி.மீ. சுருங்குகிறது, அது ஏறத்தாழ 1.9%. "புது டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது" என்று பலர் புலம்புவதில் பாதி இந்தக் கணக்குப் பிசகு. மீதி நிஜம், புதிய டயரின் கனமான ரப்பர் நெளிந்து நெளிந்து கொஞ்சம் சக்தியைத் தின்னத்தான் செய்யும்.

நடுக்கோடு

ஓட்டும் விதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இவி பொத்தானை மறந்துவிடுங்கள். செருகி சார்ஜ் போடாத ஹைப்ரிடில் பேட்டரிக்குள் இருக்கும் மின்சாரம் அத்தனையும் பெட்ரோலில் இருந்து வந்தது. என்ஜின் சுழற்றி ஜெனரேட்டர், அங்கிருந்து பேட்டரி, திரும்ப வெளியே எடுத்து மோட்டார். இன்வெர்ட்டரையும் சேர்த்து நான்கு கட்டம் என்று வைத்து, ஒவ்வொன்றிலும் 90% தேறுகிறது என்று தாராளமாகவே கணக்கிட்டாலும் கடைசியில் மிஞ்சுவது 66%. மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே காலி. இவியில் மிச்சம் பிடித்ததாகத் தோன்றுவதை என்ஜின் அடுத்த பத்து நிமிடத்தில் வட்டியோடு வசூலித்துவிடும். அந்தப் பொத்தானுக்கு ஒரே உருப்படியான வேலை, குளிர்ந்த காரை ஷெட்டிலிருந்து நாலடி நகர்த்தி நிறுத்துவது. என்ஜின் எழுந்தால் புகையைச் சுத்தம் செய்யும் வினைமாற்றியைச் சூடாக்க ஒரு நிமிடம் வீணாக எரிக்கும், அது மிச்சம்.

ஆகவே என்ஜினை எழவிடாமல் கொஞ்சிக்கொண்டே ஓட்டுவது பலன் தராது. எழுந்த என்ஜினுக்கு நல்ல பாரம் கொடுக்கவேண்டும், பாரம் தேவையில்லாத நேரத்தில் முழுதாக அணையவிடவேண்டும். உங்கள் 1.8 லிட்டர் என்ஜினின் உச்சத் திறன் 38.5%. அது நடுத்தர ஆர்பிஎம்மில், கணிசமான பாரத்தில்தான் கிடைக்கும். ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் 40 வேகத்துக்கு அரை கிலோமீட்டர் எடுத்துக்கொள்கிறவர்கள் என்ஜினை அதன் மோசமான இடத்திலேயே பிடித்துவைக்கிறார்கள்.

நீங்கள் கேட்ட முறை: என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, 45இலிருந்து 62 வரை வேகம் ஏற்றுங்கள். திரையில் சக்தி எவ்வளவு போகிறது, வருகிறது என்று காட்டும் பட்டை ஈகோ பகுதியின் முடிவை ஒட்டி, பவர் பகுதிக்குள் போகாமல் நிற்கட்டும். ஆர்பிஎம் 1,500க்கும் 2,200க்கும் இடையில் இருக்கும். 62 வந்ததும் காலை முழுதாக எடுங்கள், ஒரு நொடிக்குள் என்ஜின் அணையும். இங்கேதான் பலர் தவறுவது. கால் எடுத்தபடியே விட்டால் பட்டை சார்ஜ் பக்கம் இறங்கி, கார் இழுத்துப் பிடித்ததுபோல் வேகம் குறையும். ஓட்ட சக்தியை மின்சாரமாக்கி, மறுபடி ஓட்ட சக்தியாக்கி, இரண்டு தடவை நஷ்டம். என்ஜின் அணைந்த மறுகணம் பெடலை இறகுபோலத் தொட்டு, பட்டை சார்ஜும் இல்லாமல் இவியும் இல்லாமல் சரியாகப் பூஜ்யத்தில் நிற்கும்படி வையுங்கள். பேட்டரிக்குள் போவதும் இல்லை, வருவதும் இல்லை. சமதரையில் அப்படியே நெடுந்தூரம் உருளும். 45க்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து.

இதற்காக கியரை நியூட்ரலில் போடாதீர்கள். நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஆகாது, பிரேக் மிதித்தால் திரும்பக் கிடைக்கவேண்டிய மின்சாரமும் வராது. சிக்னலில் நிற்கும்போதும் அதே கதைதான்.

உங்கள் மாடலில் ஏறத்தாழ 74 வேகத்துக்கு மேல் என்ஜின் முழுதாக நிற்காது. என்ஜினையும் இரண்டு மோட்டாரையும் இணைக்கும் கிரகப் பல்சக்கர அமைப்பில் என்ஜின் நின்றால் சிறிய மோட்டார் அளவுக்கு மீறிச் சுழலவேண்டிவரும், அதனால் என்ஜினையும் கூடவே சுற்றவைக்கிறார்கள். பாரம் இல்லாதபோது பெட்ரோல் தெளிப்பு நிற்கும், ஆனால் சுற்றும் உராய்வு இருந்துகொண்டே இருக்கும். ஆக நெடுஞ்சாலையில் ஏற்றி உருட்டும் முறைக்கு மதிப்புக் குறைவு. அங்கே ஒரே மருந்து வேகத்தைக் குறைப்பது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 90ஐ விட 110இல் அது ஒன்றரை மடங்கு. 100க்கு இறங்கினாலே காற்றுக்குக் கொடுக்கும் பங்கில் 17% குறையும். மேடு வந்தால் குரூஸ் கண்ட்ரோலை அணைத்துவிட்டு 5 முதல் 8 கி.மீ. வேகம் குறைய விடுங்கள், இறக்கத்தில் தானாகத் திரும்பக் கிடைக்கும். பின்னால் வண்டி ஒட்டிக்கொண்டு வரும்போது இதில் எதையும் செய்யவேண்டாம்.

பிரேக்கில் ஒன்று. சார்ஜ் பட்டை முழுதும் நிறைந்துவிட்டால் அதற்கு மேல் மிதிப்பது எல்லாம் பேடுக்கும் டிஸ்க்குக்கும் போகிறது, வெறும் சூடு. சீக்கிரமே ஆரம்பித்து, பட்டை நிறையாதபடி நீளமாக மிதியுங்கள். பி கியர் மலை இறக்கத்துக்கு மட்டும். அது என்ஜினைச் சுழற்றிச் சக்தியைக் கொல்லும் கியர், சமதரையில் போட்டு ஓட்டினால் நஷ்டம்.

காலையில் என்ஜினை ஓடவிட்டுச் சூடாக்காதீர்கள். நிற்கும் காரின் மைலேஜ் பூஜ்யம். உடனே கிளம்பி, முதல் ஒரு நிமிடம் மட்டும் மென்மையாக ஓட்டுங்கள். அந்த நேரத்தில் என்ஜின் பெரும்பாலும் தன்னைச் சூடாக்குவதிலேயே இருக்கும், காரை நகர்த்துவது பேட்டரி. பெடலை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து செலவு.

நெம்புகோல்

மேலே சொன்னது சரி. ஆனால் 1,40,000 ஓடிய காரில் ஓட்டும் விதத்தைத் திருத்துவதற்கு முன் கார் தடையில்லாமல் உருளுகிறதா என்று பாருங்கள்.

ஹைப்ரிடில் பிரேக் பேடுக்கு வேலை குறைவு, அதனாலேயே பேடை அழுத்தும் காலிப்பரின் சறுக்கு ஊசிகள் துருப்பிடித்து இறுகிவிடும். பேட் டிஸ்க்கை விடாமல் லேசாக உரசிக்கொண்டே ஓடும், சத்தம்கூட வராது. பார்க்கும் முறை: 15 கி.மீ. பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, கடைசியில் உருண்டு நிற்கவிடுங்கள். இறங்கி அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு டிஸ்க்கையும் குறியுங்கள். ஒரே அச்சில் இடது வலது 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சூடான பக்கம் பிடிக்கிறது.

அடுத்து என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின் (கூலன்ட்) வெப்பம். ஓபிடி புளூடூத் அடாப்டரும் ஹைப்ரிட் அசிஸ்டென்ட் மாதிரி ஒரு செயலியும் போதும். கூலன்ட் 80ஐத் தாண்டி நிற்கவேண்டும். தாண்டாமல் தவித்தால் என்ஜின் அணைய மறுக்கும். (அடாப்டரை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். அது 12 வோல்ட் பேட்டரியை மெதுவாகக் குடிக்கும்.)

மூன்றாவது, இந்த என்ஜினுக்கே உரிய இடம்: இஜிஆர் கூலர், அதாவது என்ஜினுக்குத் திரும்பப் போகும் புகையைக் குளிரவைக்கும் பகுதி. புகை சென்று சென்று உள்ளே கரி கெட்டிப்பட்டு அடைந்துவிடும். குளிர்ந்த புகை போதுமான அளவு திரும்ப வராததால் என்ஜின் தட்டும், கணினி தீப்பொறியின் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், மைலேஜ் சத்தமில்லாமல் இறங்கும். கூலரைக் கழற்றி வெந்நீரில் கரைத்த சோடியம் பெர்கார்பனேட்டில் ஊறப்போட்டு, தண்ணீர் தடையின்றி வழிந்து போகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டில் நான்கு சிறு துளைகள் இருக்கும், அவற்றை விட்டுவிட்டுக் கூலரை மட்டும் சுத்தம் செய்வது அரை வேலை. கேஸ்கெட் புதிதாகப் போடவும். கூலன்ட் டப்பாவில் அளவு காரணமில்லாமல் குறைந்தாலோ, காலையில் முதல் ஸ்டார்ட்டில் கார் கடகடவென்று உதறினாலோ முதலில் ஹெட் கேஸ்கெட்டைச் சோதியுங்கள், மைலேஜ் அப்புறம்.

பின் சீட் பக்கத்தில் இருக்கும் பேட்டரி விசிறியின் வாயை மறைத்துப் பை எதுவும் வைக்கவேண்டாம். விசிறி இறக்கைகளில் தூசி படிந்தால் பேட்டரி சூடாகும், சூடான பேட்டரி பிரேக்கில் வரும் மின்சாரத்தை முழுதாக வாங்கிக்கொள்ளாது.

என்ஜின் ஆயில் 0டபிள்யூ-20, ஃபில்டரோடு 4.2 லிட்டர். கோட்டுக்கு மேல் ஊற்றுவது பாதுகாப்பு அல்ல, தடை. ஆயில் மாற்றியவர் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைத் திரும்ப மாட்டினாரா என்றும் குனிந்து பாருங்கள். அது இல்லாவிட்டால் காற்று கீழே சிக்கும், என்ஜின் சூடேறவும் தாமதமாகும்.

வழிப்போக்கன்

அளந்துவிட்டேன். வெளி வெப்பம் 9 டிகிரி. டிஸ்க்: முன் இடது 94, முன் வலது 58, பின் இரண்டும் 41, 43. கூலன்ட் ஊருக்குள் 82 முதல் 85 வரை. நெடுஞ்சாலையில் ஹீட்டர் போட்டதும் 68க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. கிரில்லை அடைத்தால் இது சரியாகிவிடும் அல்லவா?

நெம்புகோல்

அடைக்காதீர்கள், இப்போதைக்கு. ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் 82ஐ ஒட்டித்தான் திறக்கவேண்டும். 68இல் அது மூடியிருக்கவேண்டிய நேரம், ரேடியேட்டருக்குத் தண்ணீரே போகக்கூடாது. ஹீட்டர் கொஞ்சம் சூட்டை எடுக்கும்தான், ஆனால் இவ்வளவு இறங்கினால் தெர்மோஸ்டாட் முழுதாக மூடவில்லை என்ற சந்தேகம் வரும். சோதனை எளிது: இரவு முழுக்க நின்ற காரை ஸ்டார்ட் செய்து, செயலியில் கூலன்ட் 70 வரும்போது ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் நலம். வெதுவெதுப்பு ஏறியிருந்தால் அது ஒழுகுகிறது, மாற்றவேண்டும். கிரில்லை அடைத்திருந்தால் எண் மட்டும் அழகாகியிருக்கும், கோளாறு உள்ளேயே இருந்திருக்கும். மாற்றிய பிறகு காற்றுக் குமிழ் இல்லாமல் கூலன்ட் நிரப்புவது முக்கியம். இதில் மின்சார வாட்டர் பம்ப், காற்று சிக்கினால் தண்ணீர் சுற்றாது.

முன் இடது காலிப்பர் பிடிக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. 36 டிகிரி வித்தியாசம் அதிகம். கழற்றி, இரண்டு ஊசிகளையும் உருவி, துருவைத் தேய்த்து, பிரேக்குக்கான சிலிக்கோன் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றவும். பேட் உட்காரும் தகட்டின் அடியிலும் துரு கட்டியிருக்கும், அங்கே பேட் இறுகுவதைத்தான் பலர் பிஸ்டன் கோளாறு என்று நினைத்துக் காலிப்பரையே மாற்றுகிறார்கள். பேட் கையால் தள்ளினால் சறுக்கவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் காரின் பிரேக் மின்னணுக் கட்டுப்பாட்டில் இருப்பது. ஓட்டுநர் கதவைத் திறந்தாலே பம்ப் விழித்து அழுத்தம் ஏற்றும். காலிப்பர் கழன்று தொங்கும்போது அது நடந்தால் பிஸ்டன் வெளியே துப்பப்படும், விரல் இருந்தால் நசுங்கும். காரை ஆஃப் செய்து, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சக்கர நட்டுகளுக்கு 103 நியூட்டன் மீட்டர்.

பூவேலை

டயர் பற்றி. 15 அங்குலத்துக்கே திரும்புங்கள். அகலம் 215இலிருந்து 195 ஆகும், சக்கரத்தின் எடையும் குறையும். ஐரோப்பிய லேபிளில் உருளுதடை ஏ அல்லது பி உள்ள டயரை எடுங்கள், அதே லேபிளில் ஈரப்பிடி சி-க்குக் கீழே போகாமல் பாருங்கள். சக்கரத்தோடு வரும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி அழகு பார்க்காதீர்கள், அது காற்றுக்காகப் போட்டது. ஓடோமீட்டர் சொன்ன 1.45% இப்போது எதிர்த்திசையில் வேலை செய்யும். அதாவது தாளில் தெரியும் லாபம் உண்மையான லாபத்தைவிடக் குறைவாகத்தான் தெரியும், ஏமாறவேண்டாம்.

காற்று: 15 அங்குலத்துக்குக் கதவுத் தூண் ஸ்டிக்கர் சொல்வது முன் 35, பின் 33. அதைவிட 2 முதல் 4 பிஎஸ்ஐ கூடுதல் வைக்கலாம், முன்பக்கம் 2 அதிகம் என்ற வித்தியாசத்தைக் காப்பாற்றுங்கள்.

நடுக்கோடு

42/40 வைத்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். டயர் பக்கவாட்டில் உச்ச அழுத்தம் 44 என்றுதானே எழுதியிருக்கிறது?

பூவேலை

எழுதியிருப்பது டயர் தாங்கும் எல்லை, இந்தக் காருக்கான பரிந்துரை அல்ல. 35இலிருந்து 38க்குப் போகும்போது கிடைக்கும் லாபம் கண்ணுக்குத் தெரியும். அங்கிருந்து 42க்குப் போனால் லாபம் சுருங்கும், இழப்பு ஏறும்: நடுப்பகுதி மட்டும் தேயும், ஈரச் சாலையில் நிற்கும் தூரம் கூடும். ஹைப்ரிடில் இன்னொன்றும் உண்டு. பிரேக் மிதித்தபடி குண்டுகுழியில் ஏறினால் இறுகிய டயர் துள்ளிப் பிடியை இழக்கும், அந்தக் கணத்தில் கணினி மின்பிரேக்கை விட்டுவிட்டு உராய்வுப் பிரேக்குக்குத் தாவும். கால் நழுவியதுபோல் ஒரு திடுக்கிடல் வரும். மிச்சம் பிடித்த மின்சாரமும் போச்சு.

எவ்வளவு வைத்தாலும் குளிர்ந்த டயரில் அளக்கவேண்டும். வெளி வெப்பம் 10 டிகிரி இறங்கினால் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ இறங்கும். பருவம் மாறும்போது "கார் சோம்பிவிட்டது" என்பதில் இதுவும் சேர்ந்திருக்கும். முன்சக்கர அலைன்மென்ட்டில் டோ (சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) பிசகியிருந்தால் டயர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே உருளும். டயரின் விளிம்பில் கையை உள்ளிருந்து வெளியே, வெளியிருந்து உள்ளே தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பும் மறுதிசையில் ரம்பம் போன்ற சொரசொரப்பும் தெரிந்தால் முதலில் அலைன்மென்ட், பிறகு டயர்.

நெம்புகோல்

ஹைட்ரஜன் கிட்: அதை ஓட்டும் மின்சாரம் 12 வோல்ட் லைனில் இருந்து, அது உயர்வோல்ட் பேட்டரியில் இருந்து, அது என்ஜினில் இருந்து. தன் வாலைத் தானே தின்னும் பாம்பு. காந்தம், சிப் இரண்டும் வெறும் பிளாஸ்டிக். கூம்பு ஏர் ஃபில்டரும் வேண்டாம். அது என்ஜின் அறையின் தூசியை நேரே உள்ளே விடும், அதன் எண்ணெய் காற்றளவு சென்சாரில் படிந்தால் எரிபொருள் கணக்கே பிசகும்.

கிரில் அடைப்பு மட்டும் உண்மையான மாற்றம், தெர்மோஸ்டாட் சரியான பிறகு. கீழ்க் கிரில்லின் இடுக்குகளில் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் கருப்பு நுரைக் குழாயை நீளவாக்கில் கீறிச் செருகுங்கள். முதலில் பாதி மட்டும். இன்வெர்ட்டருக்குத் தனிக் கூலன்ட் சுற்று இருக்கிறது, அதன் டப்பாவிலிருந்து குழாயைப் பின்தொடர்ந்தால் முன்னால் எந்தப் பகுதி அதனுடையது என்று தெரியும். அந்த இடத்தைத் திறந்தே விடுங்கள். செயலியில் கூலன்ட் 95ஐத் தொட்டால் ஒரு வரிசையை உருவுங்கள். வெளி வெப்பம் 20க்கு மேல் போனாலோ, ஏசி போட ஆரம்பித்தாலோ முழுதும் எடுத்துவிடவேண்டும், ஏசி கண்டென்சருக்கும் அதே வழியாகத்தான் காற்று. நுரையை வெளி வெப்பச் சென்சாருக்கு முன்னால் வைத்தால் திரை தவறான டிகிரி காட்டும், கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

வழிப்போக்கன்

குழாய் 70இல் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, தெர்மோஸ்டாட் வாங்கியாயிற்று. ஒரு சந்தேகம். 12 வோல்ட் பேட்டரி பின்னால் டிக்கிக்குள் இருக்கிறது. நெகட்டிவைக் கழற்றிவிட்டு டிக்கி மூடிக்கொண்டால்?

நெம்புகோல்

மூடிக்கொண்டால் பொத்தானுக்குத் திறக்காது, பூட்டு மின்சாரத்தில் இயங்குவது. அதனால் வேலை முடியும்வரை தாழ்ப்பாளில் ஒரு துணியைத் திணித்து வையுங்கள். தவறி மூடிவிட்டால் இரண்டு வழி. பானெட்டுக்குக் கீழே ஃபியூஸ் பெட்டியில் சிவப்பு மூடிக்குள் ஜம்ப் முனை இருக்கிறது. வேறொரு 12 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவை அங்கேயும், நெகட்டிவை என்ஜின் உலோகத்திலும் கொடுத்தால் பொத்தான் வேலை செய்யும். முன் காலிப்பர் கழன்றிருக்கும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள், பிரேக் பம்ப்பும் கூடவே விழிக்கும். இல்லையென்றால் பின் சீட்டை மடித்து உள்ளே தவழ்ந்து போய், டிக்கிக் கதவின் உட்பக்க மூடியை எடுத்தால் ஒரு சிறு நெம்பு தெரியும், அதைத் தள்ளினால் திறக்கும்.